மலையைப் பெருக்கிய மேஸ்திரியம்மா

தீத்தடுப்புக் குழுவின் மேஸ்திரியம்மாவுக்கு அரைகுறை என்றால் ஆகாது. மிதியடியில் காலைத் தேய்க்காமல் யாரும் அவள் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. டயர் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்த அவள் கணவரோ, பின்பக்கம் போய்க் கை கால் கழுவி, சட்டையை மாற்றி, செருப்பைச் சுவரோரம் ஜோடியாக வைத்த பிறகுதான் காபி என்ற பேச்சையே எடுக்கலாம். "ஜெயிலுக்குள்ள போறது இதைவிடச் சுலபம்" என்பார். அதையும் வெளியே நின்றுதான் சொல்வார்.

மலையிலும் அதே கைதான். மழை முடிந்து புல் காயத் தொடங்கும்போது, பின்னால் வரும் காட்டுத்தீ சாலையை நெருங்காமலிருக்கச் சரிவுகளை முன்கூட்டியே எரித்துவிடுவது அவள் குழுவின் வேலை. மூக்கு வழியே எரியும் எண்ணெயைச் சொட்டவிடும் டின்னைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினால், அந்தச் சரிவில் ஒரு துரும்பு மிஞ்சாது. ரேஞ்சர் பார்த்துவிட்டு, "இழைச்சு வெச்ச மாதிரி இருக்கு மேஸ்திரியம்மா" என்பார். அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தலைகால் புரியாது.

அந்தப் பெருமைதான் ஒரு வருஷம் அவள் காலை வாரிவிட்டது.

அந்த மலைப்புல்லில் குட்டைக்காது முயல் என்று ஒன்று உண்டு. உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் உருவம். மிச்சம் இருந்ததே கொஞ்சம்தான். அதை ஆராய வந்திருந்த பெண், ரேஞ்சர் ஆபீஸ் வராந்தாவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து குழுவுக்கு விளக்கினாள்.

"முன்னெல்லாம் தீ கோடைக் கடைசில வரும்க்கா. அதுக்குள்ள குட்டிங்க ஓடற அளவுக்கு வளந்துடும். ஈரமான இடத்துல தீ நின்னுடும், அங்கங்க புல் மிஞ்சும். இப்போ மழை சீக்கிரமே நின்னுடுது. எல்லாப் புல்லும் ஒண்ணாக் காயுது. தீயும் சீக்கிரமே வந்து மொத்தமா வழிச்சுட்டுப் போயிடுது. குட்டிங்க அப்போ கண்ணே திறந்திருக்காது."

"பெருசுங்க தப்பிச்சுடுமில்ல?" என்று கேட்டாள் மேஸ்திரியம்மா.

"பொந்துக்குள்ள போய் நெருப்புக்குத் தப்பிச்சுடும். வெளிய வந்தா ஒளிஞ்சுக்க ஒரு புல்லு இருக்காது. பருந்தும் நரியும் சும்மா விடுமா? அதனால நீங்க எரிக்கும்போதே அங்கங்க திட்டுத் திட்டாப் புல்லை விட்டுடுங்க. சுத்தி மட்டும் எரிச்சுடுங்க. பெரிய தீ வந்தா திட்டுக்குள்ள போக வழி இருக்காது."

மேஸ்திரியம்மா தலையாட்டினாள். கீழ்ச்சரிவில் சொன்னபடியே செய்தாள். வேலை முடிந்து சாலையிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, சலூனில் பாதியில் கரண்ட் போய் எழுந்து வந்தவன் தலை மாதிரி இருந்தது மலை. இதை ரேஞ்சர் வந்து பார்ப்பாரே என்று நினைத்ததும் அவளுக்குக் கை பரபரத்தது. மனசு கேட்கவில்லை. குழுவை மறுபடி இறக்கி, விட்டிருந்த திட்டுகளையும் ஒன்று விடாமல் எரித்து முடித்தாள்.

ஆராய்ச்சிப் பெண் அந்தக் கரிக்குள் நாள் தவறாமல் நடந்து தேடினாள். கடைசியில் ஒருநாள் ஜீப்பில் வரும்போது, "கீழ்ச்சரிவுல இனிமே ஒண்ணும் இல்லக்கா. மேல்சரிவுல மட்டும்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேஸ்திரியம்மா வீட்டுக்கு வந்து, துடைத்த அடுப்பையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். "நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தாலும் தாங்கிக்குவேன். அந்தப் பொண்ணு ஒண்ணுமே கேக்கலைங்க" என்றாள். எதற்கும் ஒரு கடி ஜோக் வைத்திருக்கும் கணவர், அன்று தன் காபியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அடுத்த வருஷம் மேல்சரிவு. அதற்கு மேலே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் அவள் குடியிருக்கும் தெரு. இந்தத் தடவை திட்டுகளை விட்டாள், விட்டதோடு நிற்கவில்லை. திட்டுகளைச் சுற்றி அகலமாக எரித்த பிறகு, குழுவில் எல்லார் கையிலும் விளக்குமாற்றைக் கொடுத்தாள்.

வாய் ஓயாத காரணத்தால் ரேடியோ என்று பேர் வாங்கியவன் திகைத்துப் போனான். "மலையைப் பெருக்கச் சொல்றீங்களா?"

"கரிஞ்ச தூரு ஒண்ணு கிடந்தாக்கூட நெருப்பு அதைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போயிடும். மண்ணு தெரியணும்."

"பெருக்கிட்டு மாப்பும் போடணுமா மேஸ்திரியம்மா?"

"வேணும்னா போடுவோம். வாளியைத் தூக்கப் போறது நீதான்."

சாலையில் போன பஸ்ஸெல்லாம் வேகம் குறைத்து, மலையைப் பெருக்கும் கும்பலைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயின.

ஸ்வெட்டரைக்கூட இன்னும் மடித்து வைக்காத நாட்களிலேயே தீ வந்துவிட்டது. மதியத்தில் பள்ளத்தாக்கிலிருந்து புகை எழுந்தது. காற்று அதை மேல்நோக்கித் தள்ளியது. ரேஞ்சர் ஜீப்பிலிருந்து குதித்து இறங்கினார்.

"அந்தத் திட்டுகளை இப்பவே கொளுத்திடுங்க. தீ அதுல ஏறினா பொறி பறந்து ரோட்டைத் தாண்டிடும்."

"உள்ள குட்டிங்க இருக்கு சார்."

"அந்தப் பக்கம் மனுஷங்க இருக்காங்க மேஸ்திரியம்மா."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. டின் அவள் கையில்தான் இருந்தது. போன வருஷம் பரபரத்த அதே கை. இப்போது அது கல்லாகக் கிடந்தது.

"என் வீடும் அங்கதான் சார் இருக்கு. திட்டுக்குத் திட்டு ஆள் நிறுத்தறேன், தண்ணி வெச்சிருக்கோம். ஒண்ணு கைமீறினாலும் மிச்சத்தை நானே கொளுத்திடறேன்."

ரேஞ்சர் சரிவைப் பார்த்தார். ஒவ்வொரு திட்டைச் சுற்றியும் வெறும் மண், வீட்டு முற்றம் போலக் கிடந்தது. ஜீப்பிலிருந்த வயர்லெஸ் மைக்கை எடுத்துத் தெருவைக் காலி செய்யச் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, "சரி, நில்லுங்க" என்றார்.

தீ புல்லை மென்றுகொண்டே ஏறி வந்தது. முகம் காந்தியது, கண் எரிந்தது. பெருக்கிய மண்ணைத் தொட்டதும் அதற்குத் தின்ன ஒன்றும் அகப்படவில்லை. இடதுபக்கம் தேடியது, வலதுபக்கம் தேடியது, தணிந்தது. ஒரு பொறி மட்டும் பறந்து ரேடியோ காவலிருந்த திட்டின் ஓரத்தில் விழுந்து பற்றிக்கொண்டது. மேஸ்திரியம்மா ரப்பர் பட்டை கட்டிய கம்போடு ஓடினாள். இருவரும் மூச்சுப் பிடித்து அடித்தார்கள். தெரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக ரேடியோ பேசாமலிருந்தான். பற்றியது அணைந்தது. மற்ற தீ பாறைப் பக்கம் ஒதுங்கிச் செத்தது.

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே அவள் பக்கம் வந்தார். "இனிமே எல்லாக் குழுவுக்கும் விளக்குமாறு வாங்கிடறேன்."

மறுநாள் காலையில் கருகிய மலையில் திட்டுகள் அத்தனையும் நிமிர்ந்து நின்றன. ஆராய்ச்சிப் பெண் ஒவ்வொன்றாகக் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரம் கருகிய திட்டுக்கு வந்ததும் கையை மட்டும் பின்னால் நீட்டி அசைத்தாள்.

"அக்கா, மெதுவாக் குனியுங்க."

புல்லடியில் ஒரு தாய்முயல், குட்டைக் காதை விறைத்துக்கொண்டு இருந்தது. அதன் வயிற்றோரம் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முண்டிக்கொண்டிருந்தன. மேஸ்திரியம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சத்தம் வராமலிருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷ வேலையில் இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவள், மிதியடியை மறந்து நேராக உள்ளே போய், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மேஜை நடுவில் வைத்தாள். கணவர் வந்து எட்டிப் பார்த்தார். கரிய சிறு உருண்டைகள்.

"என்ன இது?"

"முயல் புழுக்கை."

"என் செருப்பு உள்ள வரக்கூடாது. இது மட்டும் மேஜை மேல ஏறலாமா?"

"பழசு இல்லைங்க. இன்னைக்குப் போட்டது" என்றாள் மேஸ்திரியம்மா, தலைநிமிர்ந்து.

அவர் செருப்புக் காலோடுதான் நின்றிருந்தார். அவள் பார்க்கத்தான் செய்தாள், ஒன்றும் சொல்லவில்லை.