ஜப்பான் டாக்டர்

ஆவடி மார்க்கெட் பக்கம் பல் டாக்டர் ஒருவர் இருந்தார். சின்னக் கண்கள், படிய வாரிய நரைமுடி, பேச்சு மட்டும் அசல் மெட்ராஸ். ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்த நாங்கள் அவரை ‘ஜப்பான் டாக்டர்’ என்போம். ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். செய்தி தொடங்கினால் உடனே அணைத்துவிடுவார்.

எண்பதுகளின் கடைசியில், சீனா எல்லையில் படை குவிக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கு முன்னால் பல் பிடுங்க உட்கார்ந்திருந்த ஃபிட்டர் சொன்னார்: "சீனாக்காரன நம்பவே கூடாது. நீங்க ஜப்பான்காரரு, உங்களுக்குத் தெரியாததா டாக்டர்?"

"வாயத் தொற நைனா" என்றார் டாக்டர்.

ஃபிட்டர் போனதும் கேட்டேன். "நியூஸே கேக்க மாட்டீங்களா டாக்டர்?"

கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "நான் சீனாக்காரன் சார். பொறந்தது மெட்ராஸ்ல. சீனாவப் பாத்ததுகூட இல்ல. அங்க ஒருத்தன் சீன ரத்தம்னு மார்தட்டிக்கினா, இங்க ஜனம் என் மூஞ்சியப் பாக்குது."

"அப்ப ஜப்பான்?"

"நீங்க வெச்ச பேருதான. இருந்துட்டுப் போவட்டும்னு உட்டுட்டேன்."

மறுவாரம் பக்கத்து வீட்டம்மா பல்வலிக்கு யாரைப் பார்க்கலாம் என்று கேட்டார். ‘ஜப்பான் டாக்டர்’ என்றேன். தெரிந்தேதான், அவருக்காகத்தான் அப்படிச் சொன்னேன். ஆனாலும் அன்று முழுக்க மனசு உறுத்திக்கொண்டே இருந்தது.