இடது காதில் மட்டும்

அந்த ஹெட்போன் பஸ்ஸில் மாட்டிக்கொண்டு போவதற்காகச் செய்தது இல்லை. நடுவீட்டில் சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பெரிய ஸ்டீரியோ செட்டில் பாட்டுக் கேட்கிற சீமான்களுக்காக ஜப்பானில் செய்தது. ஒவ்வொரு காதுக்கும் அரைத் தேங்காய் அளவுக்கு ஒரு மூடி. உள்ளே மெத்தை, மேலே இரும்புப் பட்டை, தொலைபேசிக்கு இருப்பதுபோல் சுருள் ஒயர். அரை மணி நேரம் தலையில் இருந்தால் கழுத்து வலிக்கும். அதைத்தான் நான் தினமும் தூத்துக்குடியிலிருந்து நாசரேத் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போகவும் வரவும் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எனக்கென்ன?

சிரிக்கத்தான் செய்தார்கள். பழையகாயலில் ஏறும் மீன்காரி பக்கத்துச் சீட்டுக்காரியிடம், "ஏளா, டீச்சரப் பாத்தியா? காதுல கொட்டாங்கச்சியக் கவுத்தி வச்சிருக்கா" என்பாள். ஒரு கண்டக்டர் என்னிடம் மட்டும் கையை ஆட்டி ஆட்டி டிக்கெட் கேட்பார். "நான் என்ன ஊமையா? வாயத் தொறந்து கேளும்" என்று ஒரு நாள் விட்டேன். அதிலிருந்து அந்த பஸ்ஸில் எனக்கு வாயாடி டீச்சர் என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவே செய்தது.

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். வருஷத்தில் முக்கால்வாசி கடலில்தான் இருப்பார். இரண்டு பேருக்குமே கடிதம் எழுத வராது. அதனால் எனக்கொன்று, தனக்கொன்று என்று பேட்டரியில் ஓடும் சின்ன டேப் ரெக்கார்டர் இரண்டு வாங்கினார். கப்பலில் உட்கார்ந்து பேசிப் பதிந்து, அடுத்த துறைமுகத்தில் கேசட்டைத் தபாலில் போடுவார். கேட்டுவிட்டு நானும் பதிலுக்குப் பேசி அனுப்புவேன். எங்கள் குடித்தனமே அந்த ரீலில்தான் ஓடியது.

வீட்டில் வைத்து அதைக் கேட்க முடியாது. மாமனார், மாமியார், வருகிறவர், போகிறவர் என்று எல்லோருமே சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஊரே ஏறி இறங்குகிற பஸ்ஸில்தான் எனக்கும் அவருக்கும் தனி அறை கிடைத்தது. டேப்போடு வந்த சின்னக் காது குமிழில் பஸ் இரைச்சல்தான் கேட்டது, மனுஷன் பேச்சு கேட்கவில்லை. அதனால்தான் அவர் தன் ஸ்டீரியோவுக்கென்று வாங்கி வைத்திருந்த ஹெட்போனைத் தூக்கிக்கொண்டேன். அதன் தடித்த பிளக் சின்ன டேப்பில் சேராது. போன லீவில், கப்பலுக்குக் கிளம்பும் அவசரத்தில், அவரே ஒரு இணைப்பைப் பற்றவைத்துக் கொடுத்தார். பெரிய செட்டில் சத்தம் இரண்டு வழியாக வரும், சின்ன டேப்பில் ஒரே வழிதான். அவர் பற்றவைத்ததில் இடது காதில் மட்டும்தான் கேட்டது. வலது பக்கம் வெறும் மூடி. "அடுத்த தடவ வரும்போது சரி பண்ணித் தாரேன், இப்ப ஆள வுடு" என்று போய்விட்டார்.

எனக்கு அது பழகிவிட்டது. இடது காது அவருக்கு, வலது காது ஊருக்கு. மூடி இருந்தாலும் பக்கத்தில் சத்தமாகப் பேசினால் வலது காதில் விழுந்துவிடும். இது வேறு யாருக்கும் தெரியாது. அதை மாட்டிவிட்டால் எனக்கு இடி விழுந்தாலும் கேட்காது என்றே எல்லோரும் நினைத்தார்கள். என்னைப் பற்றி என் முன்னாலேயே பேசினார்கள். நானும் திருத்தப் போகவில்லை.

புதுத் துறைமுகத்தில் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. எனக்குக் கப்பல் சம்பளமும் வேண்டாம், ஜப்பான் சாமானும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஒரு கேசட் முழுக்கப் பேசினேன். "இங்கனயே எலக்ட்ரீஷியன் வேல இருக்கு. வந்துருங்க. வர மாட்டீங்கன்னா வாயால சொல்லிருங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். காதுல மட்டும் புருஷன வச்சுக்கிட்டு என்னால இருக்க முடியாது" என்று முடித்தேன். கோபத்தில் அழுகையும் வந்தது. அதையும் அழிக்காமல் அனுப்பினேன்.

பதில் கேசட் வந்தது. எல்லாக் கேசட்டையும் ஆரம்பிப்பதுபோல, "ஏளா, கேக்குதா?" என்று ஆரம்பித்தார். பிறகு வாங்கு வாங்கு என்று வாங்கினார். "நீ என்ன கலெக்டரா, எனக்கு ஆர்டர் போடுததுக்கு? கப்பல்ல வேல பாக்கதுன்னா மெரினா பீச்சுல நடக்கதுன்னு நெனச்சியா?" அந்தப் பக்கம் முழுக்க இதே பாட்டுதான். ரீல் தீரும் நேரத்தில் மட்டும் குரலைத் தழைத்து, "டேப்பு முடியப்போவுது. நீ கேட்டதுக்குப் பதில அடுத்த பக்கம் சொல்லுதேன். கோவப்படாமக் கேளு" என்றார்.

நான் கேட்கவில்லை. இரண்டு நாள் கிடக்கட்டும் என்று விட்டேன். அதற்காக நான் என்னை நொந்துகொள்வது கிடையாது. கோபப்பட எனக்கு நியாயம் இருந்தது. பயமும் இருந்தது. வர மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டவேண்டியிருக்கும். கட்டாமல் இருந்தால் என் வாய்க்கு என்ன மரியாதை?

மறுநாள் இரண்டாவது பீரியடில் பியூன் வந்து கூப்பிட்டார். வாசலில் ஒரு டாக்சி நின்றது. மாமனாரும், தூத்துக்குடியில் ஒரு உப்புக் கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணனும் இறங்கி நின்றார்கள். "அத்தைக்கு நெஞ்சு வலி. ஒன்னப் பாக்கணுங்காவ. ஏறு" என்றான் அண்ணன். முகத்தைப் பார்க்காமல் சொன்னான். எப்போது இருந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்களா, டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொண்டே ஏறினேன். அவர்கள் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். என்னைப் பின்னால் தனியாக விட்டார்கள்.

கேட்டதையே நான் திரும்பக் கேட்கவும், மாமனார் திரும்பிப் பார்த்து, "அந்தப் பொட்டிய எடுத்து மாட்டிக்கோ, தாயி. வழியில பேச்சு வேண்டாம்" என்றார்.

எனக்கு அங்கேயே திக்கென்றது. அந்த ஹெட்போனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வண்டிக் குதிரைக்குக் கண்ணை மறைப்பதுபோலக் காதை மறைத்துக்கொண்டு போகிறாளே என்று தெருவெல்லாம் சொன்ன மனுஷன் அவர். அத்தைக்கு உயிர் போய்விட்டது, அதைத்தான் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பதறிக்கொண்டு பையைத் திறந்து மாட்டினேன். கைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது. கேசட்டைத் திருப்பிப் போட்டு, அடுத்த பக்கத்தை ஓடவிட்டேன்.

"ஏளா, கேக்குதா? கோவம் எறங்கிட்டா இல்லயா?" என்றார் இடது காதில். யாரோ ஒரு கப்பல்காரன் காயப்போட்ட துணியெல்லாம் காற்றில் பறந்து கடலுக்குப் போய்விட்ட கதையைச் சொன்னார். துண்டோடு நிக்கான் என்று சொல்லிச் சிரித்தார். அத்தை சாகக்கிடக்கும்போது இந்த மனுஷனுக்குச் சிரிப்பைப் பார் என்று எரிச்சலாக வந்தது. குரும்பூர் தாண்டியது. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் பக்கம் வரும்போது ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. டிரைவர் டின்னை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் தண்ணீர் எடுக்கப் போனார். இன்ஜின் சத்தம் அடங்கிவிட்டது.

"சரி, விசயத்துக்கு வாரேன்" என்றார் அவர், இடது காதில்.

மாமனார் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு சத்தத்திலேயே வேலை பார்த்துக் காது மந்தமானவர். அவரிடம் யாரும் ரகசியம் பேச முடியாது. அவருக்கும் மெதுவாகப் பேச வராது. அப்போதுதான் மாமனார் அண்ணனிடம் கேட்டார்.

"தம்பி, அந்தக் கப்பல் ஏஜண்டு ஆபீஸ்காரரு சொன்னது எனக்குச் சரியாக் கேக்கல. எம்புள்ளைய எப்பம் கொண்டு வாராவ?"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொண்டு வர மாட்டாவ மாமா."

"என்னது?"

"கொண்டு வர மாட்டாவ. மெதுவா மாமா, பின்னால இருக்கா."

"அவளுக்கு எங்க கேக்கப்போவுது? ரெண்டு காதையும் அடைச்சில்லா வச்சிருக்கா. நீ சொல்லு. ஏன் கொண்டு வர மாட்டாவ?"

"மச்சானுக்குக் கரண்டு அடிச்ச ஒடனே உசிரு போயிட்டாம். கரை சேர நாளாவுமாம். ஜெபம் பண்ணிக் கடல்லயே எறக்கிட்டாவளாம்."

"எங்கன?"

"கடல்ல மாமா! நடுக்கடல்ல!" அண்ணன் கத்தவேண்டியிருந்தது. கத்திவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

மாமனார் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார். அந்தக் கிழவரின் முதுகு குலுங்குவதைப் பின்னால் இருந்து பார்த்தேன்.

பொய்யாக இருக்குமோ என்று நினைக்கக்கூட எனக்கு வழியில்லை. அண்ணனுக்குச் சத்தம் போட்டுப் பொய் சொல்ல வராது. இடது காதில் அவர் பேசிக்கொண்டே இருந்தார். குரல் கேட்டது, பேச்சு விளங்கவில்லை. நான் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஒரு வார்த்தைகூட என் மண்டையில் ஏறவில்லை. மடியில் இருந்த டேப்பைத் தடவி நிறுத்தினேன். அந்த நிமிஷத்தில் எனக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ தெரியாது. இனி அவர் என்னிடம் பேசப்போவது இந்த ரீலில் இருக்கும் மிச்சம்தான். இந்தக் காரில், இந்தச் செய்தியோடு கலந்து அதைக் கேட்டுத் தீர்த்துவிடக் கூடாது. பிறகு, தனியாக, கதவைப் பூட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

ஹெட்போனைக் கழற்றவில்லை. கழற்றினால் அவர்கள் சொல்லியாக வேண்டும், நான் கேட்டாக வேண்டும். டிரைவர் வந்து தண்ணீர் ஊற்றி வண்டியைக் கிளப்பினார். வழியில் உப்பளத்தில் பெண்கள் வரிசையாக நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எதற்கோ சிரித்தாள். இறங்கிப்போய் அவளை அறையலாம் போல இருந்தது. நாசமாய்ப் போன ஊர், எல்லாம் நேற்றைப் போலவே நடக்கிறதே என்று இருந்தது.

வீட்டு வாசலில் செருப்பாகக் கிடந்தது. அத்தைக்கு நெஞ்சு வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ ஹெட்போனைப் பிடுங்கினார்கள். பையை அண்ணன் வாங்கிக்கொண்டான். "தெரியும், வழியிலயே கேட்டுட்டேன்" என்றேன். ஒருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. என்னை உள் அறைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

சற்றுக் கழித்து அத்தை நடுவீட்டில் கேட்பது காதில் விழுந்தது. "தம்பி, எம்புள்ள கடைசியாப் பேசுனது அந்தப் பொட்டிக்குள்ளதான இருக்கு? எனக்குப் போட்டுக் காட்டுய்யா." நான் தடுக்க நினைக்கவில்லை. பெற்றவளுக்கு இல்லாத உரிமையா?

அண்ணன் ஹெட்போனை அத்தை காதில் மாட்டியிருக்கிறான். கொஞ்சம் முன்னாலிருந்தே கேட்கட்டும் என்று ரீலைச் சற்றுப் பின்னால் ஓட்டியிருக்கிறான். நான் அந்த டேப்பைக் கையாண்டு அவன் பார்த்ததெல்லாம் நான் பதில் பேசிப் பதியும்போதுதான். அப்போது நான் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்துவேன். அதுதான் முறை என்று அவனும் இரண்டையும் சேர்த்து அழுத்தியிருக்கிறான்.

காதை அடைத்தவர்கள் தங்களை அறியாமல் கத்தித்தான் பேசுவார்கள். அத்தையின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "அழுகச் சத்தந்தான கேக்கு! தம்பி, எம்புள்ள எங்க? அழுகச் சத்தந்தான கேக்கு!"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பதியும்போது அந்த டேப், தன் மைக்கில் விழுவதையே காதுக்கும் கொடுக்கும். எங்கள் வீட்டு ஒப்பாரி அவர் பேச்சின் மேல் பதிந்துகொண்டிருந்தது. நான் துள்ளி எழுந்தேன். "செவப்பு பட்டன்! நிறுத்துங்க, அழியுது, எல்லாம் அழியுது!" என்று கத்தினேன். நாலு பேர் என்னைக் கட்டிப் பிடித்தார்கள். "புத்தி பெரண்டுட்டு, வுடாதிய, கெணத்துக்கு ஓடிருவா" என்றாள் ஒருத்தி. நான் உதறினேன், பிறாண்டினேன், ஒருத்தி கையைக் கடித்தேன். விடவில்லை. அத்தனை பலம் அந்தப் பெண்களுக்கு எங்கிருந்து வந்ததோ. என் கூச்சலைக் கேட்டு அண்ணன் டேப்பை ஓடவிட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தான். தலையைத் தடவி, "அழுதுரும்மா, நல்லா அழுதுரு" என்றான். நான் கெஞ்சுவது எதுவும் அவனுக்கு விளங்கவில்லை. நடுவீட்டில் அத்தை இன்னும் "எங்கல இருக்க?" என்று தன் மகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில், பிறந்ததிலிருந்து அவனை நான் கூப்பிடாத பெயரில் கூப்பிட்டேன். "டேப்ப நிறுத்துல, மடையா!" அதற்குப் பிறகுதான் திரும்பி ஓடினான்.

வந்தவர்களெல்லாம் போய், வீடு ஓய்ந்த பிறகு, ஒரு நாள் கதவைப் பூட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தைக் கேட்டேன். துணி பறந்த கதை பாதியில் நின்றது. அதன் பிறகு ஒப்பாரி இருந்தது. யாரோ ஜெபம் பண்ணுவது இருந்தது. அத்தை மகனைத் தேடுவது இருந்தது. தூரத்தில், வேறு யாரோ போல, நான் கத்துவது இருந்தது. மடையா என்று கேட்டதும் ஒரு டக். ரீலில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அதில் அவர் இருந்தார், இடது காதில், கோபமே இல்லாமல்.

"...அவ்வளவுதான்ளா. எம்மனசுல இருந்தத ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன். இதுக்கு நீ என்ன சொல்லுத?"