பனியில் விழுந்த கோடு

எங்கள் கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றிப் புல்லே கிடையாது என்று சொன்னால் மெயின்லாண்டில் யாரும் நம்புவதில்லை. பந்தை அடித்துக்கொண்டு போகிற வழி முழுக்கப் புல்தான், அதுவும் மழைக்காலத்தில் கணுக்கால் வரைக்கும். ஆனால் குழி இருக்கிற அந்தக் கடைசி வட்டம் மட்டும் மணல். பழைய எண்ணெய் கலந்து இறுக்கிய மணல். மற்ற ஊர்களில் அந்த வட்டத்துக்கு கிரீன் என்று பெயர், எங்களுக்கு பிரவுன். கடலுக்கு மேலே ஒரு சரிவில், ஒன்பதே குழிகள் உள்ள பழைய மைதானம் அது. வருஷத்தில் பாதி நாள் மழை அடிக்கிற போர்ட் பிளேரில் மெத்தை மாதிரிப் புல் வளர்த்துப் பராமரிக்க யாருக்குக் கட்டுப்படியாகும்?

மணல் என்பதால் அதில் காலடித் தடமும் நண்டுப் பொந்தும் இருந்துகொண்டே இருக்கும். அதற்காக ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கம்பில் கட்டிய சாக்கால் குழியிலிருந்து வட்டத்தின் விளிம்பு வரை ஒரே ஒரு பாதையைச் சமமாக இழுத்துவிடுவோம். அதுதான் கோடு. பந்து எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும், குழியிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து, கையில் எடுத்து, அதே தூரத்தில் கோட்டின் மேல் வைத்து உருட்ட வேண்டும். எல்லாரும் அந்த ஒரே கோட்டில்தான் உருட்டுவார்கள். அக்காவும் நானும் அப்படி நேராக உருட்டியே பழகினவர்கள்.

அப்பா ராமநாதபுரத்திலிருந்து துறைமுக அலுவலக வேலைக்கு வந்தவர். ஊழியர் குடும்பம் என்பதால் மைதானத்தில் எங்களுக்குச் சலுகை இருந்தது. மின்னி பே பகுதியில் எங்கள் தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடப் போன மாலைகளில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இரவல் மட்டைகளோடு மேடு ஏறுவோம். தெருவே எங்களை "மெம்சாப் ஆ ரஹீ ஹை", துரைசாணி வருகிறாள், என்று கிண்டல் செய்யும். அக்கா காதிலேயே வாங்கமாட்டாள். நான் திரும்பி நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன்.

தென்மண்டல ஓப்பன் போட்டியில் பெண்கள் பிரிவு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தகுதிச் சுற்று ஆடலாம் என்று கண்டுபிடித்தவள் நான்தான். இந்த மாதிரி வேலைகளுக்கு நான் பொருத்தமானவள். படித்தது கம்ப்யூட்டர், பார்ப்பது கப்பல் டிக்கெட் புக்கிங், மனசு எப்போதும் வேறெங்கோ. விண்ணப்பத்தில் ஆட்டக்காரியின் தரத்தைக் காட்டும் ஹேண்டிகேப் சான்று கேட்டார்கள். எங்கள் மைதானம் அவர்களுடைய எந்தப் பட்டியலிலும் இல்லை. மெயில் மேல் மெயில் போட்டேன். பதில் வராதபோது போன் செய்தேன். அந்தமானில் கோல்ஃபா என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்கினேன். கடைசியில், மைதானச் செயலாளர் முன்னால் ஆடிக் கையெழுத்து வாங்கிய கார்டுகளை அனுப்பினால் போதும் என்று இறங்கிவந்தார்கள்.

நான் ஆடப் போனது ஊர் பார்க்க என்றே வைத்துக்கொள்ளலாம். அக்காவுக்கு அப்படியில்லை. அவள் ஒப்பந்த நர்சாக இருந்தாள். அந்த வருஷம்தான் நிரந்தர வேலை கிடைத்தது, போஸ்டிங் கட்சாலில். வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், அவளும்தான். ஆனால் நிக்கோபாரில் அத்தனை தூரத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில், கப்பல் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற தீவில் யார் மட்டையைத் தூக்கப் போகிறார்கள்? வேலையில் சேர அவளுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். தகுதிச் சுற்றில் தேறினால், மறுநாள் தொடங்குகிற பெரிய போட்டியில் நான்கு நாள் நிஜமான ஆட்டக்காரிகளோடு ஆடலாம். இல்லாவிட்டால் நேராகக் கப்பல். அவள் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒருநாள் மட்டைகளைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கப்புறம் எப்ப ஆடுவேனோ" என்றாள். அவ்வளவுதான்.

சென்னைக்கு வெளியே ஒரு மைதானம். மார்கழி. முதல் நாள் பயிற்சிக்குப் போனபோது அந்தப் புல்லைப் பார்த்து நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். கம்பளத்தைவிட மெத்தென்று இருந்தது. ஆனால் பந்து நேராகப் போகவில்லை. கண்ணுக்கே தெரியாத சரிவில் கடைசி நேரத்தில் வளைந்தது. எங்களுக்குச் சரிவைப் படிக்கத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வந்ததில்லை. நான் எரிச்சலில் பேசிக்கொண்டே இருந்தேன். அக்கா இருட்டுகிற வரை ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியற்காலையில் முதல் குழுவாக எங்களை அனுப்பினார்கள். கடைசியாகச் சேர்ந்த பெயர்கள் என்பதால் அக்காவும் நானும் ஒரே குழு. மூன்றாவதாக, கோயம்புத்தூரிலிருந்து வந்த, கல்லூரியில் படிக்கிற ஒரு பெண். எத்தனை அடியில் குழிகளை முடித்தோம் என்பதுதான் இந்த ஆட்டத்தின் கணக்கு, குறைவாக அடித்தவர் முந்துவார். யாரும் தன் கணக்கைத் தானே எழுதுவதில்லை, இன்னொருவர்தான் எழுத வேண்டும். அவருக்கு மார்க்கர் என்று பெயர். என்னுடையதைக் கோயம்புத்தூர்க்காரி எழுதினாள், அவளுடையதை அக்கா, அக்காவுடையதை நான். முடிந்ததும் மார்க்கரும் ஆடியவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் அதுதான் முடிவு.

நான் இரண்டாவது குழியிலேயே பந்தைத் தண்ணீரில் போட்டுவிட்டேன். அக்கா நன்றாக ஆடினாள். நான்காவது கிரீனில் இன்னும் பனி காயவில்லை. கோயம்புத்தூர்க்காரி விளிம்பிலிருந்து உருட்டினாள். பந்து போன வழியெல்லாம் பனி அழிந்து, வெள்ளைப் புல்லில் கரும்பச்சையாக ஒரு கோடு குழி வரைக்கும் விழுந்தது. அவள் மிச்சத்தைத் தட்டிப் போட்டுவிட்டுத் தன் பையை எடுக்கப் போய்விட்டாள். அக்கா தன் பந்தைக் கையில் எடுத்தாள், துடைத்தாள், இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாள், குழியைப் பார்த்து அதே தூரத்தில் அந்தக் கோட்டின் மேல் வைத்தாள். உருட்டினாள். நேராகப் போய் விழுந்தது. எங்கள் ஊர் உருட்டல். நான் சந்தோஷமாக நான்கு என்று எழுதினேன்.

எனக்குத் தப்பாக எதுவுமே தோன்றவில்லை. விதிப்புத்தகம் முழுவதையும் போனில் வைத்துக்கொண்டு விமானத்தில் அக்காவுக்கு வாசித்துக் காட்டியவள் நான். பந்தை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்பதையும் வாசித்தேன். வாசித்தது தலைக்குப் போனது, கைக்கும் கண்ணுக்கும் போகவில்லை.

ஆறாவது கிரீன் மரநிழலில் இருந்தது. அங்கேயும் பனி, அங்கேயும் கோயம்புத்தூர்க்காரியின் பந்து போட்ட கோடு. இந்த முறை நான் பந்தை எடுத்துக் கோட்டில் வைத்துவிட்டுக் குனிந்தேன்.

"அக்கா, ஒரு நிமிஷம்," என்றாள் கோயம்புத்தூர்க்காரி என்னிடம். "உங்க பந்து அங்கல்ல இருந்துச்சு? எடுத்த இடத்துலயே வெச்சுருங்க. அடிச்சீங்கன்னா பெனால்டிங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். நான் சாரி சொல்லிவிட்டுப் பந்தைத் திரும்ப வைத்தேன். அடிப்பதற்கு முன்பே திருத்திக்கொண்டதால் எனக்குத் தண்டனை இல்லை. நிமிர்ந்தபோது அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

ஏழாவதில் அந்தப் பெண் அடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தபோது அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாலாவதுல நானும் அதத்தானடி பண்ணேன்?"

"ஆமாக்கா."

"பெனால்டி எத்தனை?"

"ரெண்டு."

"ம்," என்றாள். பிறகு போய்த் தன் பந்தை அடித்தாள்.

அந்த 'ம்' எனக்குப் பிடிபடவில்லை. எழுதிக்கொள் என்றாளா, பார்க்கலாம் என்றாளா, வெறுமனே கேட்டுக்கொண்டாளா? வீட்டில் அம்மா கடைக்குப் போகச் சொன்னாலும் அவளிடமிருந்து அதே 'ம்' வரும். சில சமயம் போவாள், சில சமயம் போகமாட்டாள். ஆட்டம் முடிந்து கையெழுத்துப் போடுவதற்குள் எப்போது வேண்டுமானாலும் அவள் சொல்லலாம், தவறில்லை. சொல்லாமல் நான்கு என்றே கையெழுத்துப் போட்டால் அது பொய்க் கணக்கு. தெரிந்தே நானும் போட்டால் பொய்யில் எனக்கும் பங்கு. பார்த்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

அவள் சொல்வாள் என்று ஒவ்வொரு குழியிலும் காத்திருந்தேன். அவள் ஆடினாள், அப்படி அவள் ஆடி நான் பார்த்ததே இல்லை. சரிவுகளை எப்படியோ பழகிவிட்டாள். வளைந்து வளைந்து பந்து உள்ளே போனது. என் பந்து எங்கே போகிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கோயம்புத்தூர்க்காரி என்னிடம் மெதுவாக, உங்க அக்கா இப்படியே போனால் நிச்சயம் உள்ளே வந்துவிடுவார் என்றாள். நான் கார்டை மடித்து முழுக்கால்சட்டைப் பையில் வைத்தேன். மறுபடி எடுத்தேன். பேனாவைத் திறந்து மூடினேன். பன்னிரண்டாவதில் தண்ணீர் குடிக்கும்போது, "அக்கா, அது வந்து," என்று ஆரம்பித்தேன். "சுப் கர் யார், பேசாம ஆடவிடு," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

கடைசிக் குழியில் தூரத்திலிருந்து உருட்டி ஒரே அடியில் போட்டாள். அந்தப் பெண் கைதட்டினாள். மூன்று பேரும் கைகுலுக்கிக்கொண்டு கார்டு கொடுக்கிற மேஜைக்கு வந்தோம். அக்கா ஓரமாகக் குனிந்து ஷூ லேஸைத் தளர்த்தினாள். வெகுநேரம் தளர்த்தியதுபோல இருந்தது எனக்கு. மேஜையில் இருந்த பெரியவர் கையை நீட்டினார்.

நான்காவது குழிக்கு எழுதியிருந்த நான்கைக் கோடிட்டு அடித்துவிட்டு ஆறு என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்திட்டு, நிமிர்ந்து வந்த அக்காவின் முன்னால் கார்டைத் தள்ளினேன்.

அவள் அந்த ஆறைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள். பெரியவர், இது என்ன திருத்தம் என்று கேட்டார். நான் இங்கிலீஷில் மடமடவென்று எங்கள் பிரவுன், எங்கள் கோடு, பனி எல்லாவற்றையும் விளக்கினேன். அக்கா பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "நல்ல பழக்கம்மா. உன்னை வீட்ல நல்லா வளத்திருக்காங்க."

என்னை. அந்த வார்த்தை அக்காவின் மேல் விழுந்ததை நான் பார்த்தேன். இல்லை சார், அவங்களே சொல்லத்தான் இருந்தாங்க என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அது எனக்கு உண்மையாகத் தெரியாதே.

மத்தியானம் பலகையில் பெயர்கள் வந்தன. அக்கா ஒரே ஒரு அடியில் கோட்டை விட்டிருந்தாள். ரிசர்வ் வரிசையில் முதல் பெயர். மறுநாள் ஆடவேண்டியவர்களில் யாராவது வராமல் போனால் இவளுக்கு இடம். லாட்ஜ் அறையிலிருந்து அப்பாவுக்கு போன் செய்து, "ஒண்ணுல போச்சுப்பா," என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. ஸ்பீக்கரில் அப்பா, "அரே, ஒண்ணுதானே, இருந்து பாத்துட்டே வாம்மா, கப்பல் எங்க ஓடிப்போகுது," என்று சிரித்தார். சாப்பிடும்போது அவள் தன் தட்டிலிருந்த அப்பளத்தை வழக்கம்போல எனக்கு வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை முதல் அடி அடிக்கிற டீ பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஷூ, கையுறை, தொப்பி என்று எல்லாம் போட்டுத் தயாராக இருந்தாள். குழுக்குழுவாக வந்து அடித்துவிட்டுப் போனார்கள். கோயம்புத்தூர்க்காரி போகும்போது கையசைத்தாள். ஒவ்வொரு குழுவும் வரும்போது நான் தலைகளை எண்ணினேன். எல்லாரும் வந்திருந்தார்கள்.

இரண்டு குழுக்கள் மிச்சம் இருந்தபோது அக்கா பேசினாள், மைதானத்தைப் பார்த்தபடியே.

"நானே சொல்லியிருப்பேன்."

"தெரியும்கா."

"தெரியாது உனக்கு. தெரிஞ்சிருந்தா லேஸ அவுத்து நிமிர்ற வரைக்கும் இருந்திருப்பே."

தெருவையே எதிர்த்துப் பேசுகிற நான், "சொல்லியிருப்பியாக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

எதிரே ஒரு பெண் மட்டையைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நான் என்ன சொன்னாலும் சும்மாதான்," என்றாள் அக்கா. "எனக்கே இனிமே தெரியப்போறதில்ல. பஸ், போதும், விடு."

கடைசிக் குழுவும் வந்தது. மூன்று பேர், முழுசாக. அவர்கள் அடித்து முடித்து இறங்கிப் போனதும், பெயர் வாசிக்கிறவர் எங்களிடம் வந்து, அவ்வளவுதான், வருத்தமாக இருக்கிறது என்று சொன்னார். அக்கா எழுந்து அவருக்கு நன்றி சொன்னாள். கையுறையைக் கழற்றி மடித்து வைத்தாள். மட்டைப் பையை நான் தூக்கலாம் என்று கை நீட்டினேன். அவள் அதை எடுத்து, நான் இல்லாத பக்கத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.