ருக்கு அக்காவின் ஐஸ் லோரிக்கு ஓர் என்ஜின்

பழைய டீசல் என்ஜினைப் பிரித்து மாட்டுவது சுலபமான தொழில்தான். கடைசியில் சாவியைத் திருப்பும் அந்த ஒரு நிமிடம் மட்டும் இல்லையென்றால் நானும் நிம்மதியாக வாழ்ந்திருப்பேன். பழைய லோரியை வைத்துக்கொண்டு படாத பாடு படும் அன்பர்களே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மாக் மண்டினில் நானும் நண்பன் காதரும் சேர்ந்து நடத்தும் பட்டறைக்கு, பாகான் டாலாமில் இருக்கும் ருக்கு அக்காவின் லோரியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். என்ஜினின் இரும்பு உடம்பான பிளாக்கே வெடித்திருந்தது; இனி வேறு என்ஜின்தான் போட வேண்டும். ஐஸ் தொழிற்சாலையிலிருந்து பாலம் தாண்டி, தீவிலுள்ள மீன்பிடித் துறைகளுக்கு ஐஸ் கொண்டுபோவதுதான் அக்காவின் பிழைப்பு. அவரேதான் ஓட்டுவார். திங்கட்கிழமை காலை லோரி வாசலில் நிற்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று தொழிற்சாலை முதலாளி தவுக்கே சொல்லிவிட்டார்.

இரவல் சூடு

கெப்பாலா பத்தாஸ் பக்கம், லோரிகளை வெட்டி விற்கும் கடைக்கு அக்காவை அழைத்துப் போனேன். கடைக்காரர் ஒரு ஜப்பான் என்ஜினை ஓட்டிக்காட்டத் தயாராக நின்றார். நான் முதலில் பிளாக்கில் கை வைத்தேன். சுட்டது! நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார். சூடான என்ஜின் தன் நோயை மறைத்துவிடும். ஆறும்வரை உட்கார்ந்தோம். ஆறிய பிறகு அது கிளம்பவே மறுத்தது. ஒருவழியாகக் கிளம்பியபோது புகையில் கடைக்காரரையே காணவில்லை.

வேறு வழியில்லாமல், அதே கடையில் கிடந்த, வயல் கால்வாயில் விழுந்த லோரியின் என்ஜினை எடுத்தேன். தண்ணீர் புகுந்து இறுகிப்போனது. ஓட்டிப் பார்க்க வழியில்லை. ஆனால் யாரும் அதை ஒப்பனை செய்து வைக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அக்காவின் முகம் செத்துவிட்டது.

"ஓடுறத வேணாங்கிற, ஓடாதத வாங்குற. தம்பி, நீ நல்லாத்தான லா இருக்க?"

அசையாத கிராங்க்

சிலிண்டர்களில் டீசல் ஊற்றி ஊறவிட்டோம். பிறகு என்ஜினைச் சுழற்றும் கிராங்க் தண்டில் நீளமான குழாயை மாட்டி நானும் காதரும் தொங்கினோம். அசையவில்லை. அழுத்தினால் ஏதாவது முறியும், விட்டால் திங்கட்கிழமை கைவிட்டுப் போகும். அக்கா எதிரிலேயே உட்கார்ந்து எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிச் சுத்தியலை எடுத்தேன். காதர் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு மறுபடி டீசல் ஊற்றினான். மறுநாள் 'டக்' என்று நூலளவு நகர்ந்தது. நான் குதித்த குதியில் டீசல் டப்பா கவிழ்ந்தது.

"என்ஜின் அசைஞ்சிருச்சு. இப்ப நீ கொஞ்சம் சும்மா இரு" என்றான் காதர்.

முதல் எண்ணெய்

ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு ஞாயிற்றுக்கிழமை என்ஜினை லோரியில் ஏற்றிவிட்டோம். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். எண்ணெயை நாங்கள் ஊற்றி அளவு பார்த்தபின், கடைசிக் கிண்ணத்தை மட்டும் வண்டிக்காரர் தன் கையால் ஊற்றுவார். பூசைத் தாம்பாளத்தோடு வந்த அக்காவிடம் கிண்ணத்தைக் காட்டிவிட்டு நாங்கள் பேட்டரி எடுக்கப் போனோம்.

சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. சந்தோஷப்படுவதற்குள் சத்தம் ஏற ஆரம்பித்தது. நான் மிதியைத் தொடவேயில்லை. சாவியை அணைத்தேன், நிற்கவில்லை. நீலப் புகையைக் கக்கிக்கொண்டு வெறிபிடித்து அலறியது. இப்படியே ஓடினால் சிதறிவிடும். காற்று உள்ளே போகும் வாயை அடைத்தால்தான் நிற்கும். கையை வைத்தால் கை போய்விடும். "பலகை! பலகை!" என்று கத்தினேன். காதர் அக்காவிடமிருந்த தாம்பாளத்தைப் பிடுங்கி அந்த வாயில் ஓங்கி அறைந்தான். குங்குமம் பறந்தது, எலுமிச்சை உருண்டது. என்ஜின் திணறி, இருமி, நின்றது.

எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினேன். குறியைத் தாண்டி எங்கேயோ ஏறியிருந்தது. மிஞ்சிய எண்ணெயையே டீசலாக நினைத்து எரித்திருக்கிறது. அக்காவின் காலடியில் காலி டின்.

"ஒரு கிண்ணந்தான் ஊத்தச் சொன்ன தம்பி. பாவம், தண்ணியில கெடந்து வந்ததாச்சேன்னு டின்னையே கவுத்துட்டேன்."

திங்கட்கிழமை

எண்ணெயை வடித்து, அடித்தொட்டியைக் கழற்றி, பேரிங் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சேதமில்லை என்றுதான் தோன்றியது. அதற்கு மேல் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பயத்தில் மறுநாள் நானும் லோரியில் ஏறிக்கொண்டேன்.

தொழிற்சாலை வாசலில் வேறொரு லோரி நின்றிருந்தது. தவுக்கே எங்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அந்த லோரிக்காரரைப் போகச் சொல்லிக் கையசைத்தார். எங்கள் லோரியில் ஐஸ் கட்டிகள் ஏறின. அக்கா என்ஜினை மட்டும் அணைக்கவில்லை. ஏன் என்று தவுக்கே மலாயில் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நேத்து இது நின்னா போதும்னு மாரியாத்தாகிட்ட அழுதேன். இன்னைக்கு ஐஸ எறக்குற வரைக்கும் நிக்கக் கூடாதுன்னு கும்புடுறேன். ஒரே வாயால எப்படி லா மாத்தி மாத்திக் கேக்குறது?"

எங்கள் தொழிலில் பாராட்டு என்பது வண்டிக்காரரிடமிருந்து அழைப்பு வராமலிருப்பதுதான் என்பது தெரிந்திருந்தும், பட்டறைக்குத் திரும்பியபின் அன்று முழுக்க என் கைப்பேசி வேலை செய்கிறதா என்று காதரை என் எண்ணுக்கு அழைக்கச் சொல்லிச் சோதித்துக்கொண்டே இருந்தேன்.