பாசிக்கு ஆகாத நல்ல தண்ணீர்

“...உப்புத் தண்ணியவா நானு ஊத்துனே? நல்ல தண்ணிதானுங்க அம்மிணி ஊத்துனே! புள்ளைக்குக் குடிக்கக் குடுக்கற தண்ணி பாசிக்கு ஆகாதுங்களா?”

ஆய்வகத்தின் நடுவில் நின்று அந்த அம்மா என்னைக் கேட்ட கேள்வி இது. நெய்க்காரப்பட்டியிலிருந்து மகளைப் பார்க்கக் காலை பஸ்ஸில் வந்திருந்தார். மகள் எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. நான் அங்கே தாவரவியல் ஆய்வக உதவியாளர். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். காதில் விழுந்ததையும் கையில் பட்டதையும் வைத்துக் கற்றுக்கொண்ட வேலை.

அந்தப் பெண் வளர்த்தது வேடசந்தூர்ப் பக்கம் ஒரு குளத்தில் எடுத்த பாசி. பிறகு குளம் வற்றி உள்ளே கருவேலம் முளைத்துவிட்டது. வைத்திருந்த குழாய்களிலும் ஒவ்வொன்றாகப் பூஞ்சை ஏறி, மிஞ்சியது ஒரே ஒரு சோதனைக்குழாய். அதிலும் பச்சை போய் மஞ்சள் தட்டியிருந்தது. இருந்த சத்தைத் தின்று தீர்த்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே புது ஊடகத்துக்கு மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் உழைப்பெல்லாம் அந்தக் குழாயோடு போய்விடும்.

வளர்ப்பு ஊடகம் என்று புத்தகத்தில் இருக்கும். நான் பாசிக்கஞ்சி என்பேன். நைட்ரேட், பாஸ்பேட், மக்னீசியம் என்று ஒவ்வொரு உப்பும் தனித்தனிப் பாட்டிலில் கரைந்து இருக்கும். உப்போ சுண்ணாம்போ இல்லாத வடிநீரில் ஒன்றை விட்டுக் கலக்கி, அது கரைந்த பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் திரிந்துவிடும். அப்புறம் கூம்புக் குடுவைகளில் ஊற்றி, பஞ்சு அடைத்து, பெரிய பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும் ஆட்டோகிளேவில் வேகவைக்க வேண்டும்.

“எம் மாமியாளுக்குக்கூட இம்புட்டுப் பக்குவமா நான் வடிச்சுக் கொட்டலத்தா” என்று அவளிடம் அலுத்துக்கொள்வேன்.

“பாசி உங்கள எதுத்துப் பேசாதில்லீங்க்கா” என்பாள்.

கொஞ்ச நாளாகவே ஊருக்குள் தண்ணீர் வரவில்லை. நீரை ஆவியாக்கி வடிக்கும் எங்கள் மிஷினுக்கு, ஆவியைக் குளிர வைக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மாடித் தொட்டியோ காய்ந்து கிடந்தது. வெள்ளைக் கேனில் அரைவாசி வடிநீர் மிச்சம் இருந்தது. அது போதும் என்று, இரும்பு உப்பை மட்டும் புதிதாக நிறுக்க நாங்கள் இருவரும் அடுத்த கட்டடத்துத் தராசு அறைக்குப் போனோம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது.

திண்டுக்கல்லில் தண்ணீர் வந்துவிட்டால் எந்தப் பாத்திரமும் காலியாக இருக்கக் கூடாது. நாகல் நகரில் எங்கள் தெருவில் டம்ளர் வரை பிடித்து வைப்போம். மகள் இங்கே தங்கியிருந்த அறைக்கு வந்து போனதில் அந்த அம்மாவுக்கும் பழக்கம் தொற்றியிருந்தது. நாங்கள் திரும்பியபோது வாளி, டிரம், பீக்கர், அளவுக் குழல் எல்லாம் விளிம்பு தட்ட நின்றன.

“செத்த நேரந்தானுங்க வந்துது. ஒண்ணு வுடல!”

வயிறு வலிக்கச் சிரித்தோம். மகராசி என்றுகூட வாழ்த்தினேன். கேனை யாரும் நினைக்கவில்லை. அதிலிருந்த தண்ணீரிலேயே கஞ்சியைக் கலந்து வேகவைத்தோம்.

ஆட்டோகிளேவைத் திறந்தால், கண்ணாடி போல் இருக்க வேண்டிய கஞ்சி அரிசி களைந்த தண்ணீராக வெளுத்துக் கிடந்தது. உப்பைத் தப்பாக நிறுத்துவிட்டோம் என்று அந்தப் பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. கேனைத் தூக்கிப் பார்த்தேன். எடுத்தது போகவும் கனத்தது.

“ஏம்மா, இதுலயும் பிடிச்சீங்களா?”

“பாதிதானுங்க இருந்துச்சு. நாந்தானுங்க ரொப்பி வெச்சே.”

மகள் அழுதுகொண்டே தாய் மேல் பாய்ந்தாள். “சும்மா உக்காருன்னுதானம்மா உங்கிட்டச் சொன்னே?” நானும் தண்ணீரைத்தான் குறை சொன்னேன். அப்போது கேட்டதுதான் முதலில் எழுதிய அந்தக் கேள்வி.

“நல்ல தண்ணிதான்மா, இல்லேங்கல” என்றேன். “ஆனா அதுலயும் சுண்ணாம்புச் சத்து இருக்கு. நமக்கு ஒண்ணும் பண்ணாது. இதுல பாஸ்பேட்டோட சேந்து வெந்தா வெளுத்துரும். வடிச்ச தண்ணிதான் வேணும். மிஷின ஓட்ட வழியில்ல.” கடையில் பேட்டரிக்கு விற்கும் வடிநீரை நம்பி ஏற்கெனவே ஒருமுறை கெட்டிருந்தோம்.

அந்தப் பெண் இப்போது வேறு ஊரில் வேலையாக இருக்கிறாள். அவள் பாசியின் வாரிசுகள் எங்கள் அலமாரியில், டியூப்லைட் வெளிச்சத்தில் பச்சைப்பசேலென்று இருக்கின்றன. அவற்றுக்குக் கஞ்சி மாற்றுகிறவள் நான்தான். தண்ணீர் வருமுன் குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டால் போதும், “ஒண்ணு வுடல” என்ற குரல் காதுக்குள் வந்துவிடும். தனியாக நின்று சிரித்துக்கொள்வேன்.

அன்றைக்கு அந்த அம்மா என் பதிலைக் கேட்டுவிட்டு மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது ஓடறதுக்கும் வடிச்ச தண்ணிதான் வேணுங்களா?”

“இல்லம்மா. அதுக்கு எந்தத் தண்ணியும் ஆகும். தொட்டிக்குத்தான் ஏறலையே.”

“எம்பட தண்ணி இருக்குதில்லீங்க” என்றவர், முந்தானையை இடுப்பில் செருகினார். குடுவைகள் கழுவியதில் காலியாகியிருந்த டிரம் ஒன்றை மேசை மேல் ஏற்றச் சொல்லி, அதிலிருந்து மிஷினுக்கு ரப்பர் குழாய் மாட்டச் செய்தார். பிறகு முக்காலியில் ஏறி நின்று, தான் பிடித்து வைத்த முதல் வாளியைத் தூக்கி டிரம்மில் சாய்த்தார்.