அட்டைப் பாட்டுக்குச் சொந்தக்காரி

எங்கள் சித்தி கட்டிய பாட்டு ஒரே வாரத்தில் போடி ஊர் முழுக்கப் பரவியதற்குக் காரணம் நான்தான். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறத்தான் செய்கிறது.

அப்பா ஜீப் ஓட்டினார். விடிந்ததும் ஏலக்காய் எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலைத் தோட்டங்களுக்குப் போவார், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவார். ஸ்டாண்டில் பத்துப் பன்னிரண்டு ஜீப் வரிசையாக நிற்கும். எதில் நல்ல பாட்டு ஓடுகிறதோ அதில்தான் பெண்கள் முதலில் ஏறுவார்கள். அதனால் டிரைவர்கள் ஒருத்தருக்கொருத்தர் ஸ்டெப்னியைக்கூடக் கழற்றிக் கொடுப்பார்கள், பென் டிரைவை மட்டும் தர மாட்டார்கள். அப்பாவிடம் எண்ணூறு பாட்டு இருந்தது. எல்லாம் மெமரி கார்டு கடையில் ஏற்றியவை.

சித்தி அம்மாவின் தங்கை. அவளும் அதே ஜீப்பில் காய் எடுக்கப் போகிறவள். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. ஏலம் உச்சியில் காய்ப்பதில்லை, தூரில்தான் காய்க்கும். நாளெல்லாம் குனிந்து எடுக்கிறவர்களின் காலில் அட்டை ஏறிக்கொண்டே இருக்கும். அந்த அட்டையிடம்தான் சித்தி பாடினாள்:

"அட்டையே அட்டையே, கால விட்டு எறங்கிரு,
கங்காணி பாத்தாருன்னா பங்கு கேப்பாரு!"

இப்படி இரண்டிரண்டு வரியாக நாலு கட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டே அவள் பாடியதை அப்பாவின் போனில் பதிவு செய்தேன். துணி அடிக்கிற சத்தம் தாளமாகவே விழுந்திருந்தது. அப்பா கேட்டார், சிரித்தார், பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார். மறுநாளிலிருந்து எங்கள் ஜீப்பில் இடம் பிடிக்க அடிதடி.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த தெருவில் என் வகுப்புத் தோழி இருந்தாள். அவளுடைய அப்பாவும் ஜீப் டிரைவர்தான். அவர் போனை அவள் எடுத்து வந்தாள். இரண்டு போனையும் முதுகோடு முதுகு ஒட்டி வைத்து புளூடூத்தில் அனுப்பினேன். ஒட்டி வைக்காவிட்டால் பாட்டு வழியில் விழுந்துவிடும் என்று இரண்டு பேரும் நம்பினோம். அவள் தன் அண்ணனுக்குக் கொடுத்தாள், அண்ணன் கொண்டுபோய் மெமரி கார்டு கடையில் கொடுத்தான்.

அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. காலையில் அப்பாவோடு ஸ்டாண்டுக்குப் போனேன். எல்லா ஜீப்பிலும் அட்டைப் பாட்டு! நான் குதித்தேன். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. நேராகத் தோழியின் அப்பாவிடம் போனார்.

"எங்க வீட்டுப் பாட்ட யாரக் கேட்டுய்யா போட்ட?"

"ஒங்க வீட்டுப் பாட்டா? இது பழைய கிராமியப் பாட்டுண்ணே. கடையில அப்படித்தான் பேரு போட்டு வச்சிருக்கான். ஊருக்கே பொது."

"பழைய பாட்டாமுல்ல! எங் கொழுந்தியா கட்டுனது. இது திருட்டுய்யா."

"அப்ப ஒங்ககிட்ட எண்ணூறு பாட்டு கெடக்கே, அதெல்லாம் கேட்டுத்தான் ஏத்துனீகளாக்கும்?"

ஜீப்புகளுக்குள் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சினிமாப் பாட்டு வேறு, இது வேறு என்றார் அப்பா. எப்படி வேறு என்று கேட்டதற்கு, வேறுதான் என்று மறுபடியும் அதையே சொன்னார். எங்கள் கட்சி தோற்றுக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

சித்தி சாப்பாட்டுத் தூக்கை சீட்டில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"மச்சான், செத்த நிறுத்துங்க. பாட்டக் கட்டுனவ நானு. நீங்க எங்கிட்டக் கேட்டா போட்டீக? இந்த ஜீப்புக்கார அண்ணனும் கேக்கல. இந்தா நிக்கிறாளே, இவளும் கேக்கல."

நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"அழிச்சிறவாம்மா?" என்று தோழியின் அப்பா இறங்கி வந்த குரலில் கேட்டார்.

"எதுக்கு அழிக்கணும்? மல முழுக்கக் கேக்கட்டும். ஆனா பழைய பாட்டுன்னு மட்டும் சொல்லாதீக. கட்டுனவ உசுரோட முன்னால நிக்கிறேன்ல?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார். பாட்டுக்கு முன்னால் பெயரையும் தெருவையும் சொல்லிப் புதிதாகப் பதிவு செய்வது என்று முடிவானது. அதற்காக அத்தனை ஜீப்பும் எஞ்சினை நிறுத்தின. எங்கள் சித்திக்காக! கலெக்டர் வந்தாலும் அந்த ஸ்டாண்டு அப்படி அடங்கியிருக்காது.

நாலு கட்டுப் பாட்டை ஒரே மூச்சில் பாடுகிறவள் பெயரைச் சொல்லும் இடத்தில் நின்றுவிட்டாள். முதல் தடவை தெருவை மட்டும் சொன்னாள். இரண்டாவது தடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது தடவை பாதிப் பெயர்தான் வந்தது. வீட்டில் அவள் சித்தி, மதினி. தோட்டத்தில் 'ஏ பொண்ணே'. தன் பெயரை நாலு பேர் முன்னால் அவளே உரக்கச் சொல்லவேண்டிய நாள் அதுவரை வந்ததே இல்லை என்பது எனக்கு அப்போது எங்கே தெரியும்?

"சொந்தப் பேரே மறந்துபோச்சா சித்தி?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன்.

"ஒழுங்காப் பிடிடி" என்றாள். நாலாவது தடவை, ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். மலைக்குப் போன எல்லா ஜீப்பிலும் பிறகு ஓடியது அந்தப் பதிவுதான். அதில் அவள் தன் பெயரைச் சொல்லும்போது பின்னால் ஒரு சின்னப் பிள்ளை சிரிப்பது கேட்கும்.