பாதாமின் கால்கள்

விடிந்ததும் தஹ்சீன் பாதாம் என்ற குதிரை மேல் ஏறி பெசன்ட் நகர் மணலில் இறங்குவாள். ஊரூர் குப்பத்து வலைகளைச் சுற்றிக்கொண்டு ஆறு கடலில் சேரும் இடம் வரை போவாள். நடைதான். ஓட்டம் கிடையாது.

மந்தைவெளித் தையல்காரர் மெஹபூப் அலியின் மகள் அவள். சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணியைத் தைத்துக் கொடுக்கப் போனவள், அடையாறில் இருந்த ஒரு குதிரையேற்றப் பள்ளியிலேயே தங்கிவிட்டாள். முதலில் லாயம் கூட்டினாள். பிறகு ஏறினாள். இந்த வருடம் நெடுந்தூரப் போட்டிக்கு அவள் பெயர் போயிருக்கிறது, முதல் முறையாக.

போன மழையில் பாதாமின் முன்னங்காலில் தசைநார் சுளுக்கிக்கொண்டது. அன்றிலிருந்து நடைதான்.

"இன்னா தங்கச்சி, குதிரைய வாக்கிங் இட்டுகினு போறியா? சுகரா அதுக்கு?" என்பாள் வலை பிரிக்கும் முனியம்மாள்.

"ஆமாக்கா. சோறு கூடாதுன்னுட்டாங்க."

கொஞ்ச தூரம் போனதும் அலையும் குளம்பும் ஒரே தாளமாகிவிடும். தஹ்சீன் பாதித் தூக்கத்தில் இருப்பாள். தன் இடுப்புக்குக் கீழே யாருடைய கால்கள் என்று தெரியாது. அந்தக் கால்களுக்குள் நார் நாராக ஏதோ முறுக்கேறுவது மட்டும் தெரியும், மரம் வளர்வதைக் கேட்பது போல.

பள்ளியை நடத்தும் சண்முகவேல் பொறுமை இழந்தார்.

"நாளைக்கு முழுப் பாய்ச்சல்ல வரணும், நான் பாக்கணும். இல்லன்னா போட்டிக்கு உனக்குப் பதிலா நம்ம கிரீஷ் அவன் குதிரையோட போவட்டும்."

"மூச்சு தேறிடுச்சு சார். காலு இன்னும் தேறல."

"கால் தேறுற வரைக்கும் போட்டி காத்துகினு இருக்காதும்மா."

மறுநாள் அவர் ஆறு சேரும் இடத்து உடைந்த பாலத்துக்கு அருகில் நின்றிருந்தார். ஈர மணல் நீண்டு கிடந்தது. பாதாம் கடிவாளத்தை இழுத்தது. மூச்சு சீராகிவிட்ட குதிரை தன்னை முழுதாகத் தேறியதாகவே நினைக்கும். ஒரு விரலைத் தளர்த்தினால் போதும், பாய்ந்துவிடும்.

தஹ்சீன் பாய்ந்தாள். படகுகள் பின்னால் பறந்தன. தரையே இல்லை. பாலம் ஓடிவந்து அவளைக் கடந்தது. சண்முகவேல் சிரித்தார். பிறகு எங்கோ அடியில், ஈரத் துணி கிழிவது போல ஒரு சத்தம்.

கண்ணை இமைத்தாள். விரல்கள் மூடியே இருந்தன. பாதாம் பாயவே இல்லை, நடந்துகொண்டிருந்தது.

நடையிலேயே அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்ப கிரீஷ் போறான்," என்றார்.

"சரி சார்." முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

போட்டி நாளன்றும் மணலுக்கு வந்தாள். வேறு எங்கே போவாள்? எங்கோ கிரீஷ் புறப்பட்டிருப்பான். கொஞ்ச தூரம் நடந்ததும் இறங்கி, முன்னங்காலை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தாள். சூடு இல்லை. வீக்கம் இல்லை. நார் விரலுக்கடியில் கயிறாக நின்றது. அவள் நம்பவில்லை, அடுத்த காலையும் பிடித்து ஒப்பிட்டாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

ஏறி உட்கார்ந்து விரலைத் தளர்த்தினாள், கொஞ்சம்தான். பாதாம் ஒரு கணம் புரியாமல் நின்றது. பிறகு ஓடியது. முழுப் பாய்ச்சல் இல்லை, துள்ளோட்டம்தான், நாலைந்து படகு தூரம். கடிவாளத்தை இழுத்தாள். அது நிற்க மனமில்லாமல் நின்றது.